அப்டேட் எங்கே?

பட்டம் வாங்கக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் புழுக்கத்திலும் பிள்ளையின் கருப்பு அங்கியைப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கும் பெற்றோர்களே, அறிமுக உரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். நான் கேம் செய்கிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதுதான் பிழைப்பு.

நாவலூர் ஏஜிஎஸ்ஸில் முதல் நாள் காட்சிக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டீர்கள். எனவே ஒரு சினிமாக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2021 பிப்ரவரி, சேப்பாக்கம், இங்கிலாந்துடன் இரண்டாவது டெஸ்ட். எல்லைக்கோட்டருகே நின்றிருந்த இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் கேலரியிலிருந்து ஒரு கேள்வி பறந்தது: ‘வலிமை அப்டேட் என்ன?’ பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வலிமை என்றால் என்ன என்று அஸ்வினிடம் கேட்டாராம். அஸ்வின் சொல்லித்தான் நமக்கே தெரியும். நாடே சிரித்தது. ஆனால் அந்தப் படத்தின் நாயகன் அஜித் சிரிக்கவில்லை. அந்த டெஸ்ட் முடிவதற்குள், பிப்ரவரி 15 அன்று, பொது இடங்களில் இப்படி நடந்துகொள்வது வருத்தம் தருகிறது, பொறுமையாக இருங்கள் என்று அறிக்கை விட்டார்.

அந்த ரசிகர்கள் அப்படி என்ன கேட்டுவிட்டார்கள்? படத்தின் பெயர் 2019 அக்டோபரில் வந்தது. முதல் பார்வை வந்தது 2021 ஜூலை 11. நடுவில் ஒன்றே முக்கால் ஆண்டு. கொரோனா வந்தது, படப்பிடிப்பு நின்றது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘இவ்வளவு முடிந்தது, இவ்வளவு பாக்கி, இன்ன மாதம் வரை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்’ என்று தயாரிப்புத் தரப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலு வரி எழுதியிருந்தால் சேப்பாக்கத்தில் அந்தக் குரல் கேட்டிருக்காது என்பது என் கட்சி. நட்சத்திரம் அறிக்கை விட்டு அமைதிப்படுத்த வேண்டிய நிலை, தகவல் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் வந்தது. கேட்டவர்கள் அத்தனை பேரும் அஜித்தின் ரசிகர்கள், எதிரி முகாம் ஆட்கள் இல்லை. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு கேம் பிடிக்காதவன் அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான். ஒரு நட்சத்திரம் போட்டு இரண்டு பக்கம் திட்டி எழுதுகிறவன் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் அதை ஆடியவன்.

உங்களில் பலர் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேமை ஆடியிருப்பீர்கள், பெற்றோருக்குத் தெரியாமல். 2022 ஜூலையில் பதிவு செய்தவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று அதன் கம்பெனியான கிராஃப்டன் அறிவித்தது. அதே மாதம் 28ஆம் தேதி பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் கேமைக் காணோம். என்ன நடந்தது என்று விசாரிக்கிறோம், விவரம் தெரிந்ததும் சொல்கிறோம் என்றது கம்பெனி. பிறகு ஏறக்குறைய பத்து மாதம் கேம் திரும்பவில்லை. கேமை நீக்கச் சொன்ன அரசோடு பேச்சு நடக்கும்போது எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது, அது நியாயம். ஆனால் அந்தக் காலியிடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? ‘அடுத்த வாரம் வருது மச்சி’ என்று யூடியூபில் தேதி குறித்தவர்கள். தேதி பொய்க்கும்போது திட்டு விழுந்தது கம்பெனிக்கு. எங்களிடம் இப்போது தேதி இல்லை என்ற ஒரு வரியை மாதாமாதம் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. 2023 மே மாதம் கேம் திரும்பியபோது எல்லாம் எண்ணோடு வந்தது: மூன்று மாதச் சோதனை அனுமதி, 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். பிடித்ததோ இல்லையோ, வதந்திக்கு வேலை போய்விட்டது.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது எந்த நிர்வாகக் கல்லூரியும் இல்லை. நான் படித்த காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில் இரண்டு பிரவுசிங் சென்டர்கள் எதிரெதிரே இருந்தன. கல்லூரிக்கு என்று கிளம்பி கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் போய் இறங்குவோம் (பேராசிரியர்கள் இதைக் கேட்காதது போல் இருக்க வேண்டும்). ஒரு சென்டரில் மெஷின் படுத்துவிட்டால் கடைக்கார அண்ணன் மானிட்டரின் மேல் ஒரு தாள் ஒட்டுவார்: ‘ராம் போயிடுச்சு. ரிச்சி தெருவுல சொல்லியாச்சு. வியாழக்கிழமை வரும்.’ அவ்வளவுதான். வியாழக்கிழமை வராவிட்டால் வியாழனைக் கோடு போட்டு அடித்துவிட்டு சனி என்று எழுதுவார். எதிர்க் கடையில் எந்தத் தாளும் கிடையாது. கேட்டால் ‘பாக்கலாம்பா’. அங்கேதான் கீபோர்டு சாவிகள் பிடுங்கப்பட்டன, அங்கேதான் மௌஸ் பந்துகள் காணாமல் போயின. போனவர்கள் இரண்டு கடைக்கும் ஒரே கூட்டம்தான். நானும் அதில் ஒருவன்.

அந்தத் தாளைத்தான் இன்று பேட்ச் நோட்ஸ் என்கிறோம். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். உங்கள் போனை எடுத்து, எந்த ஆப்பையாவது திறந்து, புதிய பதிப்பில் என்ன மாற்றம் என்று பாருங்கள். ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.’ எந்தப் பிழை? யாருக்கு வந்தது? சரியாகாமல் கிடக்கும் பிழைகள் எத்தனை? மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்த பொறியாளரின் உழைப்பையும், மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியவனின் அவதியையும் அந்த ஒரே வரி துடைத்துப் போட்டுவிடுகிறது. என் குழுக்களில் அந்த வரிக்குத் தடை. ‘இன்ன போன் மாடலில் மூன்றாவது மேப் திறந்தால் கேம் மூடிக்கொண்டது, சரியாகிவிட்டது. ஒலி விட்டுவிட்டு வருவது இன்னும் சரியாகவில்லை. காரணம் தேடுகிறோம்’ என்று எழுத வேண்டும். சரியாகாததை எழுதும் அந்த இரண்டாவது வரியைத்தான் மார்க்கெட்டிங் ஆட்கள் எப்போதும் வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

பேசினால் மட்டும் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்ற கேம் வந்த நேரம். காசு கொடுத்து வாங்கிய பிறகும் டார்த் வேடர் என்ற பாத்திரம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று ஒருவர் ரெடிட்டில் கேட்டார். போராடித் திறந்தால் சாதித்த பெருமிதம் கிடைக்கும் என்ற ரீதியில் கேமை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர் ஓட்டுகள் ஆறரை லட்சத்துக்கும் மேல். கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. கேள்வி விலையைப் பற்றியது, பதில் பெருமிதத்தைப் பற்றியது. அடுத்து நாயகர்களைத் திறக்கும் விலையை 75 விழுக்காடு குறைத்தார்கள், வெளியீட்டுக்கு முன்பே கேமுக்குள் காசு கட்டி வாங்குவதையும் நிறுத்தி வைத்தார்கள். அதை முதல் பதிலிலேயே செய்திருக்கலாம்.

‘ஐயா, நோ மேன்ஸ் ஸ்கை?’ என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நல்ல கேள்வி, என் வாதத்தை இடிக்கிற கேள்வி. 2016 ஆகஸ்டில் ஹலோ கேம்ஸ் என்ற சின்ன பிரிட்டிஷ் நிறுவனம் அந்த கேமை வெளியிட்டது. அதன் நிறுவனர் ஷான் மரே பேட்டிகளில் சொன்ன பலவும் கேமில் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. நவம்பரில் ஒரு பெரிய இலவச அப்டேட் வந்தது, அடுத்த ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஸ்டீம் தளத்தில் மிக மோசம் என்று கிடந்த மதிப்பீடு 2024இல் மிக நன்று என்று ஆனது. அப்படியானால் மௌனம் வேலை செய்ததா? நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த முதல் சில மாத மௌனம் ரணமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு அப்டேட்டோடும் என்னென்ன சேர்ந்தது என்ற நீண்ட பட்டியல் வந்தது. நிறுத்தப்பட்டது பேட்டி கொடுப்பதும் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதும்தான். செய்து முடித்ததை மட்டும் சொன்னார்கள். அண்ணன் ஒட்டிய தாளைவிட அது கடினமான வழி, பணமும் பொறுமையும் இருப்பவர்களுக்கே கட்டுப்படியாகும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் நான் ரசிகர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும். இதே கேமின் வெளியீடு சில வாரம் தள்ளிப்போனபோது ஷான் மரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தள்ளிப்போவதை நேர்மையாகச் சொன்னதற்குக் கிடைத்த கூலி அது. ஜிடிசி என்ற கேம் டெவலப்பர்கள் மாநாடு 2023இல் டெவலப்பர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், ஆடுகிறவர்கள் டெவலப்பர்களைத் துன்புறுத்துவது ஒரு பிரச்சினைதான் என்று 91 விழுக்காட்டினர் சொன்னார்கள். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் சாக்கடை வார்த்தைகளோடு ஒரு சிலர் வரத்தான் செய்வார்கள். அவர்களைத் தடை செய்யுங்கள், காவல்துறைக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள். ஆனால் அந்தச் சிலரைக் காட்டி, ‘எங்கள் ரசிகர்களே விஷம்’ என்று மொத்தக் கூட்டத்துக்கும் முத்திரை குத்தும் கம்பெனிகள் உண்டு. அந்த முத்திரைக்குப் பின்னால் பெரும்பாலும் பதில் சொல்லப்படாத ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கும்.

இந்த வசவையெல்லாம் வாங்குவது யார் தெரியுமா? இயக்குநர் இல்லை. புதிதாகச் சேர்ந்த, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கம்யூனிட்டி டீம் என்று பெயர் வைத்து உட்கார வைத்திருப்பார்கள். சர்வர் ஏன் விழுந்தது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பத்தாயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கோ சோழிங்கநல்லூருக்கோ போகும் உங்களில் பலருக்கு முதல் ஆண்டு வேலை இப்படித்தான் அமையும். கேம் இல்லாவிட்டால் வங்கி ஆப், உணவு ஆப், ஏதோ ஒன்று. ஆகவே நேர்காணலில் கடைசியாக, ‘நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?’ என்பார்களே, அப்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: இங்கே பேட்ச் நோட்ஸ் யார் எழுதுகிறார்கள்? பயனர் திட்டும்போது பதில் எழுதுகிறவர், அந்தப் பிழையைச் சரிசெய்கிறவரிடம் நேராகப் போய்ப் பேச முடியுமா? முடியும் என்றால் அவரை எந்த மாடியில் போய்ப் பார்ப்பது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.