கமத்திற்குக் கைகொடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகிறது. அந்நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே நம் முன்னோர் செம்பாட்டு மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் விளைவித்தனர். தோட்டம் சிறிது, உழைப்போ பெரிது.

அவ்வுழைப்பிலே ஒன்று குழை தாழ்த்தல். மாரிக்கு முன்னர் வேலியிலே நிற்கும் பூவரசையும் சீமைக்கிளுவையையும் வெட்டி, தோட்டத்திலே வெட்டிய கிடங்குகளிற் பரப்பி, மண்ணால் மூடிவிடுவர். மழை பெய்ய அது உக்கிப் பசளையாகும். ஆட்பஞ்சம் மிகுந்து பைப்பசளை வந்தபின் இவ்வழக்கம் அருகிற்று. அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையின் நைத்திரேற்றோ நீருடன் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளையும் சேர்ந்தது. இதனை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர்.

1990 ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையினால் யூரியா இங்கு வராதிருந்த காலத்தை நான் இளைஞனாக இருந்து கண்டவன். 2021 இலே அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலே அத்தடையை நீக்கியதையும் நாம் அறிவோம். இரு முறையும் துன்புற்றவர் கமக்காரரே. இயற்கைப் பசளை கட்டளையினால் உண்டாவதன்று. அதற்குப் பல கைகள் வேண்டும்.

அக்கைகள் எங்கிருந்து வரும்? 1958 இலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொடங்கிய சிரமதானமே சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. 1971 இலே இங்கிலாந்திற் சூ கோப்பார்ட் என்னும் பெண்மணி, நகரத்தவர் வாரவிடுமுறையிலே இயற்கைக் கமங்களில் உழைக்க வழிசெய்தார். உழைப்பவருக்கு ஊணும் உறையுளும் கிடைக்கும், காசு கைமாறாது. இன்று அம்முறை பல நாடுகளிற் பரவியுள்ளது.

இவற்றையெல்லாம் எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் நாற்பதின்மரை ஒரு முதியவரின் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர். மாணவர் உற்சாகத்துடன் களை பிடுங்கினர். களையோடு வெங்காயத்தையும் பிடுங்கினர். அதனிலும் பெரிய பிழை ஒன்று இருந்தது. அன்று கூலிக்கு வந்த பெண்ணொருவர் படலையடியிலேயே நின்றுவிட்டார். "அப்ப இண்டைக்கு எனக்கு வேலையில்லைப் போல" என்றார். நான் வெட்கித் தலைகுனிந்தேன். நாங்கள் செய்த தொண்டு ஓர் ஏழையின் அன்றாடச் சோற்றிலே கைவைத்துவிட்டதன்றோ!

அன்றே முதியவருடன் இருந்து பேசி இரண்டு விதிகளை வகுத்தோம். எட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கும் வேலையை நாங்கள் தொடுவதில்லை. ஆளின்றிக் கைவிடப்பட்ட வேலையையே செய்வோம். அவ்வேலைதான் குழை தாழ்த்தல். அதனை எங்களுக்குக் கற்பித்தவர் அப்பெண்ணே. அந்நாட்களுக்குரிய கூலியை முதியவர் அவருக்குக் குறைவின்றிக் கொடுத்தார். மாணவர் அவரை "ரீச்சர்" என்று அழைக்கத் தொடங்கியபோது அவர் முகத்திலே தோன்றிய சிரிப்பை நான் மறக்கவில்லை.

முதியவர் பைப்பசளையை முற்றாக விட்டுவிடவில்லை. இடும் அளவைக் குறைத்துக்கொண்டார். தரிசாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தையும் மீண்டும் கொத்தினார். இதற்கு மேல் நான் பெருமை பேச விரும்பவில்லை.

நேயர்களே, உங்கள் அயலிலும் கையாளில்லாத தோட்டம் ஒன்று இருக்கக்கூடும். வருகின்ற புரட்டாதியிலே அதன் படலையைத் திறந்து செல்லுங்கள். மண்வெட்டியைத் தூக்குமுன், "எந்த வேலை செய்ய ஆளில்லாமற் கிடக்கிறது?" என்று கேளுங்கள். மறுமொழியைப் பொறுமையுடன் கேட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.