வண்டி ஓசை அடங்கிய மலைவழிகள்



கொடைக்கானலுக்குப் போய் வந்தவர் எவரையேனும் நிறுத்தி, அங்கே சைக்கிள் ஓட்டினீர்களா என்று கேட்டால், ஏரியைச் சுற்றி ஓட்டினோம் என்றுதான் பெரும்பாலும் விடை வரும். மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை 1863ஆம் ஆண்டில், ஓடை பாய்ந்துகொண்டிருந்த சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய அந்த ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் உண்டு. வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, கார்களுக்கும் குதிரைகளுக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் இடையே புகுந்து ஒரு சுற்று வந்துவிட்டு, மலையில் சைக்கிள் விட்டோம் என்ற திருப்தியோடு ஊர் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆனந்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; குழந்தைகளின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆயினும், 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் பழனி மலைத் தொடரில் இந்த நகரம் ஒரு மூலை மட்டுமே என்பதையும், அந்த மூலையைத் தாண்டிப் போகும் சைக்கிளுக்கு முற்றிலும் வேறொரு உலகம் காத்திருக்கிறது என்பதையும் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

ஸ்பெயின் தேசத்தில், ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளிலிருந்து தண்டவாளங்களை அகற்றி, கப்பி பரப்பி, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் மட்டுமே உரியவையாக ஆக்கி, அவற்றுக்குப் 'பச்சை வழிகள்' என்று அர்த்தப்படும் பெயரும் வைத்திருக்கிறார்கள். 1993இல் தொடங்கிய இந்த முயற்சி இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. ஒலிவத் தோப்புகளின் நடுவே சில வழிகளும், கழுகுகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில் சில வழிகளும் போகின்றன. மோட்டாரின் உறுமல் காதில் விழாத ஒரு பாதை, அதில் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும் நாட்டுப்புறம் — இவ்வளவுதான் அங்கே போகிறவன் வேண்டுவது. பழனி மலையில் அப்படித் திட்டமிட்டு அமைத்த பாதை ஏதும் இல்லை; ஆனால் மலையே காலப்போக்கில் ஏறத்தாழ அப்படியொரு நிலையைத் தனக்கு உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த மலைக்குச் சக்கரம் வந்து சேர்ந்ததே வெகு பிற்காலத்தில்தான். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் இங்கே முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டபோதும், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாகவும், பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இராத் தங்கி, விடியலில் குதிரை மீதோ, சுமப்பவர் தோளில் ஏறிய டோலியிலோ, கால்நடையாகவோதான் மேலே வரவேண்டியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து வரும் மலைச்சாலை, முதல் உலகப் போர்க் காலத்தில் திறக்கப்பட்ட பின்னரே மோட்டார் வண்டிகள் இங்கே ஏறின. பிறகு வந்த பெருக்கத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே வண்டிகள் மலையேற வேண்டும் என்று ஆகியிருப்பதே அதற்குப் போதிய சாட்சி.

இனி நாம் புறப்படுவோம். இங்குள்ளவர்கள் தங்கள் மலையை இரண்டாகப் பிரித்து, மேல்மலை, கீழ்மலை என்று வழங்குகிறார்கள். முதலில் மேல்மலை. விடியற்காலையில், மூச்சு வெண்புகையாக வெளிவரும் குளிரில், வானாய்வுக் கூடத்தை நோக்கி மிதிக்கிறோம். 1899இல் நிறுவப்பட்டு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாயும் விதத்தை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909இல் கண்டறிந்த கீர்த்தி பெற்ற ஸ்தாபனம் அது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள், சமவெளியில் எவ்வளவு பழகிய காலானாலும் கெஞ்சத் தொடங்கிவிடும். அங்கே இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மேற்கே திரும்பினால், அதுவரை பின்னால் கேட்டுக்கொண்டிருந்த நகரத்தின் இரைச்சல் ஒரு கதவைச் சாத்தினாற்போல நின்றுபோகும்.

பிறகு இறக்கம். தார் போட்ட சாலைதான். ஆனால் வாரநாட்களில் காலை வேளையில், காய்கறி மூட்டை ஏற்றிய வண்டியும் கிராமத்துப் பேருந்தும் எப்போதாவது வருவதைத் தவிர வேறு போக்குவரத்து அதிகம் இராது. ஒரு வளைவில் மரங்கள் விலக, கீழே பூம்பாறை தெரிகிறது. மலைச்சரிவு முழுவதையும் படிப்படியாக வெட்டி வயலாக்கி, நடுவில் ஓட்டு வீடுகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மத்தியில் குழந்தை வேலப்பர் கோயிலை அமர்த்திய அந்தக் காட்சியின் முன், பிரேக்கை அழுத்தி நிற்காமல் கடந்துபோனவர் ஒருவரேனும் இருப்பார் என்று நான் நம்பவில்லை. அங்குள்ள மூலவர் சித்தர் போகர் செய்தளித்த திருவுருவம் என்பது ஊராரின் நம்பிக்கை. ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது மலைப்பூண்டின் மணம். சிறிய பல், மிகுந்த காரம், நீண்ட நாள் கெடாமல் இருக்கும் குணம் ஆகியவற்றால் பேர் பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வீட்டுத் தாழ்வாரங்களில் தாளோடு பிடிப்பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பூண்டைப் பார்த்தபடி, டீக்கடை பெஞ்சில் சற்றே உட்கார்ந்தேன். அருகிலிருந்த பெரியவர் ஒருவர் என் சைக்கிளை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எங்க வரைக்கும்?" என்றார். மன்னவனூர் தாண்டி என்றேன். "போங்க, நல்லாப் போகலாம். வழியில காட்டுமாடு நின்னா மட்டும் நீங்களும் நின்னுருங்க. அது பாட்டுக்குப் போயிரும். மணி அடிக்காதீங்க" என்றார். இந்த மலையில் எனக்குக் கிடைத்த உபதேசங்களுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. அன்றே ஒரு முறை அது என்னைக் காப்பாற்றியது.

பூம்பாறைக்கு மேற்கே சாலை ஏறுவதும் இறங்குவதுமாக, உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் வயல்களைக் கடந்து, தைல மரக் காடுகளுக்குள் புகுந்து, திடீரென்று மன்னவனூரின் புல்வெளியில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. 1965 முதல் இங்கே இயங்கிவரும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வெண்ணிற மெரினோ ஆடுகள், மடிப்பு மடிப்பாகப் புரளும் பசும்புல் மேட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். இந்தப் பகுதியில் பிரதான சாலையை விட்டு வயல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் பிரிந்து போகும் மண் வழிகளும் கப்பி வழிகளும் பல உண்டு. நான் சொல்லவந்த பிரயாணத்தின் சாரம் அவற்றில்தான் இருக்கிறது. தார்ச்சாலையில் சைக்கிள் ஓடும்; கப்பிச் சாலையிலோ அது பேசிக்கொண்டே வரும். டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கும் ஓசை, சோலையின் ஓரம் வந்ததும் ஈரச்சருகின் மேல் மெத்தென்று அடங்கிவிடுகிறது. அந்த மௌனத்தில்தான், எங்கோ கிளைமறைவில் சிரிப்பான் என்னும் குருவி தன் கூட்டத்தோடு கலகலக்கும் குரல் காதில் விழும்.

சோலை என்றேன்; சமவெளி நேயர்களுக்கு அதை விளக்க வேண்டும். மலைமடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த மரங்கள் அடர்ந்து நிற்க, அவற்றுக்கு மேலே திறந்த சரிவுகளில் புல் மட்டும் விரிந்திருப்பதே இந்த மலையின் ஆதி இயல்பு. புல்வெளி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் துளித்துளியாக ஓடைக்கு விடுகிறது. வடக்கே சரியும் நீர் அமராவதி வழியாகக் காவிரிக்கும், தெற்கே சரியும் நீர் வராக நதி வழியாக வைகைக்கும் போய்ச் சேருகிறது. அப்படிப்பட்ட புல்வெளியைத் தரிசு நிலம் என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், தைல மரத்தையும், பைனையும் பல்லாயிரம் ஏக்கரில் நட்டுவிட்டார்கள். சைக்கிளில் மெதுவாகப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் கண்ணைவிடத் தோலில் முதலில் தெரியும்: சோலையின் அருகில் குளிர்ந்த ஈரக்காற்று முகத்தில் படுகிறது, தைலக் காட்டுக்குள் நுழைந்ததும் காற்று உலர்ந்துபோகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, கடைசியாக 2018இல் சரிவுகளை நீலமாக்கிய குறிஞ்சிக்கும் வாழ்விடம் எஞ்சிய இந்தப் புல்வெளிதான். அது சுருங்கிப்போயிருப்பதைக் காணும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகள் நீங்கிய சாலையும் ஒன்று இந்த மலையில் உண்டு. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த கோஷன் பிரபுவின் பெயர் தாங்கி, 1920களில் உருவாகி, கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறுக்குப் போன சாலை அது. வந்தரவு சிகரத்தின் அருகே ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்தைத் தொட்ட அது, இமயத்துக்குத் தெற்கே இருந்த மோட்டார் சாலைகளுள் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் படையெடுத்தால் மேற்குக் கடற்கரைக்குத் தப்பிச் செல்ல உதவும் என்று கருதப்பட்டதால், தப்பும் சாலை என்ற பெயரும் அதற்கு உண்டு. 1990இல் அது மூடப்பட்டது. இன்று வனத்துறையாரின் அனுமதி பெற்று, குறிப்பிட்ட எண்ணிக்கையினர், பகல் வேளையில், பேரிஜம் வரை மட்டுமே போய்வரலாம். யானைகள் ஏரிப்பக்கம் வந்துவிட்டால் அதுவும் நிறுத்தப்படும். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் அந்த ஏரிக்கு அப்பால் சாலை காட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. அதைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. மூணாறு போக வழி சுருங்கும் என்பது மெய்தான். ஆனாலும் பல பத்தாண்டுகள் மனிதச் சந்தடி இல்லாமல் தேறிவரும் ஒரு கானகத்தில், சில மணி நேரப் பிரயாணத்தை மிச்சப்படுத்த மறுபடியும் வண்டிகளை விடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. சைக்கிள்காரனான எனக்கே அந்தக் கதவு மூடியிருப்பினும், அது மூடியே இருக்கட்டும்.

கீழ்மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று போகும் அந்த வழிகளில் குளிர் குறைவு, நிழல் அதிகம். காப்பித் தோட்டங்களுக்கு மேலே மிளகுக்கொடி சுற்றிய பெருமரங்கள் குடைபிடிக்க, இடையிடையே பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரான விருப்பாச்சி வாழை குலை தள்ளி நிற்கும். தாண்டிக்குடியைச் சுற்றிப் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் உண்டு. ஒரு பலகைக்கல்லின் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

புறப்பட விரும்புவோர் சில விஷயங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அகன்ற டயரும் கியரும் உள்ள சைக்கிளாக இருக்கட்டும். பிரேக் கட்டைகள் புதிதாக இருக்கட்டும், ஏனெனில் இந்த இறக்கங்கள் ஒரே நாளில் அவற்றைத் தேய்த்துவிடும். உபரி ட்யூபும் கைப்பம்பும் அவசியம். மேல்மலையில் பஞ்சர் கடையைத் தேடி அலைந்தால் பொழுது போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். எந்த மாதமானாலும் பிற்பகலில் மூடுபனி இறங்கும்முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

பூம்பாறைப் பெரியவரைச் சந்தித்த அன்று நான் மன்னவனூரோடு நிற்காமல், கவுஞ்சி, பூண்டி என்று போய், மாலை 3 மணிக்குக் கிளாவரையை அடைந்தேன். சாலை அங்கே முடிந்துபோகிறது. அதற்கு மேல் கேரளத்து வட்டவடைப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் உண்டு. பூண்டு மூட்டையைத் தலையில் வைத்த அம்மாள் ஒருவர் அந்தப் பாதையில் திரும்பியவர், என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல அது வராதுப்பா" என்று சொல்லி, வெறுங்காலோடு புல்லுக்குள் நடந்து மறைந்தார். மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறிவரத் தொடங்கியிருந்தது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.