முப்பத்தைந்து வயதில் அவள் எங்கே?



பெண்ணுக்கு வேலை இல்லை என்ற பேச்சுக்கே திருப்பதிச் சீமையில் இனி இடமில்லை என்கிறார்கள். 1983 முதல் இந்த ஊரில் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் நடக்கிறது. 2015-இல் பக்கத்துத் தொழில் நகரான ஸ்ரீசிட்டியில் கைப்பேசி ஆலை தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நாட்டில் உழைக்க முன்வரும் பெண்கள் 2017-18-இல் நூற்றுக்கு 23 பேர். 2023-24-இல் ஏறத்தாழ 42 பேர். இந்தக் கணக்கு எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் வாசலில் எடுத்த கணக்கு. பத்தொன்பது வயதில் ஷிப்டுக்குப் போனவள் முப்பத்தைந்து வயதில் எங்கே இருக்கிறாள்? லைன் லீடராக, சூப்பர்வைசராக, மேலாளராக உயர்ந்தாளா? அல்லது கல்யாணப் பத்திரிகையோடு அவள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்களா? இளம் விரல்களை வாங்கிப் பயன்படுத்திவிட்டு மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பன்முகத்தன்மை என்று பெயர் சூட்டினால், அதை நான் ஏற்கமாட்டேன்.

நமக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஐபோன் ஆலையில், மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்த பெண்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆலைக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. மணமானவள் வேலைக்கு ஆகமாட்டாள் என்று அந்தச் செய்தியில் அடிபட்ட வாதம் எவ்வளவு பழையது என்பதைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணமானதும் பெண் ஊழியர் விலக வேண்டும் என்று பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்று விதி வைத்திருந்தது. மணமானவள் அடிக்கடி லீவு போடுவாள் என்று காரணம் சொன்னது. 1965-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட வெளியுறவு அதிகாரி சி.பி. முத்தம்மாவின் வழக்கில், பெண்ணின் திருமணத்துக்கு அரசு அனுமதி கேட்ட விதியை 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார். கருவுற்றால் விமானப் பணிப்பெண் வீட்டுக்குப் போகலாம் என்ற விதி 1981-இல் விழுந்தது. விதிகள் விழுந்தன, வழக்கம் இன்னும் ஆளெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

தாலியும் மெட்டியும் மின்னணுக் கருவிக்கு ஆகாது என்கிறார்கள். அப்படியானால் உலோகம் அணிந்து உள்ளே வராதே என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். காப்புப் போட்ட ஆணுக்கும் அது பொருந்தட்டும். பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் முதலாளியை முறித்துவிடும் என்கிறார்கள். இங்கேதான் பெரிய மறைப்பு நடக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பணத்தைத் தருவது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. அதற்கு நிறுவனம் கட்டுவது சம்பளத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளி ஆணானாலும் பெண்ணானாலும் அதே தொகைதான். பிறகு எந்த நஷ்டத்தைக் காட்டி அவளை ஒதுக்குகிறீர்கள்? பெண்களுக்கு ஒதுக்கீடு வந்தால் தகுதி போய்விடும் என்ற கூச்சலும் புதிதல்ல. ஆந்திர அரசுப் பணியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டு விதியை 1995-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதனால் எந்த அலுவலகமும் இடிந்துவிடவில்லை.

குடும்பத்துக்காக அவளே விலகுகிறாள் என்பதுதான் கடைசி வாதம். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதமும் அதுதான், ஏனென்றால் பலர் விலகத்தான் செய்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் இன்று ஆண்–பெண் வருமான இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தைக்குப் பிறகே தோன்றுகிறது என்று காட்டிய பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டினுக்கு 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கேயே அப்படி என்றால், ஆலை விடுதிக் கட்டிலில் தனியாகப் படுத்தெழும் நம் பெண், தன் குழந்தையை எங்கே வைப்பாள்? முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1976-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது ஊழியர் இருந்தாலே வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. அந்த அறை இருக்கிறதா, அதில் ஆயா இருக்கிறாரா, பால் கொடுக்கப் போகும் தாயின் இடத்தில் நிற்க லைனில் ஆள் இருக்கிறாரா? இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் அவள் போனால், அது அவள் விருப்பம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் நம் அரசு கொடுக்கிறது. அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: முப்பத்தைந்தைக் கடந்த பெண்கள் எத்தனை பேர், பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவர்கள் எத்தனை பேர், சூப்பர்வைசர் வேலையில் எத்தனை பேர். இத்தனை ஆயிரம் பெண்களுக்கு வேலை கொடுத்தோம் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த மூன்று எண்களையும் கேளுங்கள்.