தட்டையில் மண்ணுக்கும் பங்கு உண்டு



தை பிறந்து கதிர் வீடு வந்து சேர்ந்தாச்சு. தட்டை மட்டும் காட்டில் நிற்கிறது. இந்தச் சமயத்தில் சிலமலைப் பக்கம் போனால் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், தட்டைக்கு வியாபாரி வந்து நிக்கிறாரு. அடியோட அறுத்துக் கொடுத்துறலாமா?"

கொடுக்குமுன் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு டன் காய்ந்த மக்காச்சோளத் தட்டையில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 15 கிலோ சாம்பல் சத்தும் இருக்கின்றன. 12 கிலோ சாம்பல் சத்து என்பது 20 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். ஏக்கருக்கு இரண்டு டன் தட்டை வெளியே போனால் 40 கிலோ பொட்டாஷ் வண்டியேறிப் போகிறது. தட்டை விற்ற பணத்தில் இதைக் கழித்துவிட்டு இலாபத்தைச் சொல்லுங்கள்.

உரத்தையாவது கடையில் வாங்கலாம், மேல்மண்ணை வாங்க முடியாது. மலையடிவாரச் சரிவில் மொட்டையாகக் கிடக்கும் செம்மண் காட்டில் கோடை மழை அடித்தால், ஓடையில் செந்தண்ணீர்தான் ஓடும். தட்டை மூடியிருந்தால் மழைத்துளியின் அடி மண்ணில் படாது. தண்ணீரும் நின்று இறங்கும்.

போடிமெட்டு ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புதுசல்ல. அங்கே காய்ந்த ஏலத் தட்டைகளை அறுத்து வரிசைக்கு நடுவே போடுகிறார்கள். நிழல் மரத்துச் சருகால் தூரைச் சுற்றி மூடாக்குப் போடுகிறார்கள். ஏலத்தின் வேர் மேலாக ஓடுவது. மண் காய்ந்தால் செடி தாங்காது.

"அப்போ மாடு எதைத் திங்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுவதையும் விடச் சொல்லவில்லை. தொழுவுரம் தவறாமல் போடும் சமதள இறவை நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்கலாம். சரிவான மானாவாரிக் காட்டில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு சாண் உயரம் விட்டு அறுங்கள். மாடு கழித்த தட்டையைத் தொழுவத்தில் பரப்புங்கள். தின்ற தீவனத்தின் சாம்பல் சத்து பெரும்பாலும் கோமியத்தில்தான் வெளிவருகிறது. அதை உறிஞ்சிய தட்டை அருமையான குப்பையாகும்.

தட்டையை மடக்கி உழுவதானால் விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஈரத்தில் உழுங்கள். தட்டையில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து சுமார் 60 பங்கு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் விதைத்தால் பயிர் வெளுக்கும். சாணிக் கரைசலோ சிறிது யூரியாவோ தெளித்தால் சீக்கிரம் மக்கும்.

ஒரு விலக்கும் உண்டு. பருத்தி மாரைக் காட்டிலோ வரப்பிலோ அடுக்கி வைக்காதீர்கள். காய்ந்த காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கும். துண்டாக்கி உரக்குழியில் போட்டு நன்றாக மக்க வையுங்கள்.

எதற்கும் தீ வைக்காதீர்கள். தழைச்சத்து பெரும்பாலும் புகையாகப் போய்விடும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வருஷம் அரை ஏக்கரில் மட்டும் பாதித் தட்டையை விட்டுப் பாருங்கள். சித்திரையில் மழை பெய்த மூன்றாம் நாள் இரண்டு இடத்திலும் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்துங்கள். எங்கே ஈரம் நிற்கிறது என்று உங்கள் கையே சொல்லும்.