ஒட்டுப் போட்ட ஷாப்டு நமக்கு வேண்டாம்



பால் எடுக்கும் நமக்கும், கணக்கு எழுதும் கிராணிமார்களுக்கும் டிராக்டர் ஷாப்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். புல் வெட்டும் இயந்திரம் ஓடுகிற அதே நிரைகளில்தான் நாம் கத்தியும் வாளியுமாகப் போய்வருகிறோம். அது கெட்டு நின்றால் டிரைவருக்குக் கைகொடுக்கப் போகிறவரும் நம்மில் ஒருவரே. ஆகவே இது நம் எல்லோருடைய காரியம்.

டிராக்டரின் பின்புறத்திலிருந்து புல் வெட்டிக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் சுழல் தண்டைத்தான் ஷாப்டு என்கிறோம். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. வினாடிக்கு 9 சுற்று. நாலங்குலக் குறுக்களவுள்ள ஜாயிண்டில் துணி முனை சிக்கினால், சுற்றுக்கு ஓரடி இழுக்கும். நாலு முழ வேட்டி ஒரு வினாடிக்குள் உள்ளே போய்விடும்; உடுத்தியிருப்பவரும் கூடவே போவார். இதற்காகத்தான் தண்டின்மேல் உறை போட்டு, உறை சுழலாதபடி சிறு சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். அந்த உறை உடைந்ததும் மூலையில் எறிந்துவிட்டு வேலையை ஓட்டுவதை நாம் பழக்கமாக்கிக்கொள்ளவே கூடாது.

எல்லாப் பழுதுக்கும் புதுத் தண்டு கேட்க வேண்டியதில்லை. நியாயத்தை நாமும் பேச வேண்டும் அல்லவா? ஜாயிண்டின் நடுவிலுள்ள சிலுவை தேய்ந்து ஆடினால், சர்க்கிளிப்பைக் கழற்றி, பேரிங் கிண்ணங்களைத் தட்டி எடுத்து, புதுச் சிலுவை போட்டால் போதும். உறை உடைந்தால் உறையை மட்டும் மாற்றலாம். ஆனால் குழாய் வளைந்தாலோ, முறுக்கிக்கொண்டாலோ, கவையில் வெடிப்புக் கண்டாலோ அதை ஒதுக்கத்தான் வேண்டும். சுத்தியலால் நிமிர்த்தியது கண்ணுக்கு நேராகத் தெரியும். 540 சுற்றில் நேராக இராது. ஆட்டம் கண்டு, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்று, ஒரு நாள் முறிந்து சாட்டைபோல் வீசும். வெல்டிங் போட்ட வெடிப்பையும் நம்புவதற்கில்லை.

சில தண்டுகளில், கத்தி கட்டையில் மோதும்போது தான் முறிந்து மற்றதைக் காப்பதற்கென்றே ஒரு போல்ட் உண்டு. அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்டை மாட்டுவது சிலருக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. அடுத்த மோதலில் முறிவது தண்டாக இருக்கும்!

புதுத் தண்டு வாங்கும்போது கிராணிமார்கள் உதவ வேண்டும். பழைய தண்டின் நீளம், குழாயின் வடிவம், முனையிலுள்ள பல் எத்தனை, சிலுவையின் அளவு என்ன என்பதையெல்லாம் ஆர்டரில் எழுதுங்கள். நீளம் மிஞ்சினால் இயந்திரத்தைத் தூக்கும்போது தண்டு கியர்பாக்ஸை முட்டி உடைக்கும். குறைந்தால் ஓட்டத்திலேயே கழன்றுவிடும். வேலை செய்யும் நிலையில் ஒரு குழாய்க்குள் மற்றது மூன்றில் ஒரு பங்காவது புகுந்திருக்க வேண்டும். வெட்டிக் குறைப்பதானால் இரு குழாய்களையும், இரு உறைகளையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். சதுரக் குழாயானால் தப்பாக மாட்டிவிடவும் முடியும். உள்பக்கத்துக் கவைகள் இரண்டும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கழற்றினாலும் மாட்டினாலும் எஞ்சினை நிறுத்தி, சாவியை வேலை செய்கிறவரே பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

“இன்றைக்கு மட்டும் ஓட்டு” என்று சொன்னால் என்ன செய்வது? 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலையில் வைப்பதை முதலாளியின் கடமையாக்கியது. 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தில் 26ஏ பிரிவு சேர்ந்தது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரை வஞ்சிக்கக் கூடாது. ஆனால் சொன்னதற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே டிரைவர் சொன்னதைத் தேதி, நேரத்துடன் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.