உடற்காவலும் தூதுமொழியும்



நாட்டுக் காவலும் மொழிக் காவலும் பற்றித் தமிழ் மேடைகளில் பன்முறை பேசப்பெற்றுள்ளது. இன்றைய உரை உடற்காவலைப் பற்றியது. பிறந்த நாள்தொட்டு ஒவ்வோர் உடலுக்குள்ளும் ஒரு பெரும்படை விழித்திருக்கிறது. அப்படை எவ்வாறு பயிற்சி பெறுகிறது, எம்மொழியில் பேசிக் கொள்கிறது என்பதைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

நெஞ்செலும்பின் பின்னே, நெஞ்சாங்குலைக்குச் சற்று மேலே, மெத்தென்ற சிறு சுரப்பி ஒன்று உண்டு. மேலையர் அதனைத் 'தைமசு' என்பர். குழந்தைப் பருவத்தில் பருத்திருக்கும் அது, அகவை ஏற ஏறச் சுருங்கிவிடும். அதனால் அது பயனற்ற உறுப்பு என்றே மருத்துவர் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1961-ஆம் ஆண்டு, இலண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த சாக்கு மில்லர் என்னும் அறிஞர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் உடலிலிருந்து அச்சுரப்பியை அகற்றிப் பார்த்தார். குட்டிகள் மெலிந்தன, நோய் தொற்றி மாண்டன. வேறு வகை எலியின் தோலை எடுத்து ஒட்டியபோதும் அவற்றின் உடல் அதனை அயல் என்று உணர்ந்து தள்ளவில்லை. பயனற்றது என இகழப்பட்ட உறுப்பே உடற்படையின் பயிற்சிப் பள்ளி என்பது அன்று வெளியாயிற்று.

அப்பள்ளியில் தேர்ந்து வரும் வெள்ளணுக்களை, சுரப்பிப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு, 'டி' உயிரணுக்கள் என்றனர் மேலையர். அவ்வெழுத்து தமிழனுக்கு எதனையும் உணர்த்தாது. அவற்றின் தொழில் நோக்கிக் காப்பணுக்கள் எனலாம்.

காப்பணுவுக்கு அங்கே இரண்டு தேர்வுகள் உண்டு. தன் உடலின் அடையாளத்தை அறியும் ஆற்றல் உளதா என்பது முதல் தேர்வு. அவ்வாற்றல் இல்லாதது மடியும். தன் உடலையே தாக்கும் வெறி உளதா என்பது இரண்டாம் தேர்வு. அவ்வெறி கொண்டவற்றுள் பெரும்பாலானவையும் அங்கேயே ஒழிக்கப்படும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை வெளிவராமலே அழிகின்றன. எஞ்சிய மிகச் சிலவே குருதியில் கலந்து காவலுக்குப் புறப்படுகின்றன. தன்னை அறிதலே காவலின் முதற்பாடம்.

வெளிவந்த காப்பணுக்கள் எல்லாம் ஒரே தொழில் செய்வன அல்ல. நச்சுயிரி புகுந்த உயிரணுவைத் துளைத்துக் கொல்வன சில. பிற படைகளை எழுப்பி ஏவுவன சில. சினம் மிகும்போது தணிப்பன சில. இவ்வேவுதலும் தணித்தலும் நிகழ்வது சிறுசிறு புரதங்களாகிய தூதுப்பொருள்களால். 'சைட்டோகைன்' என மேலையர் கூறுவன இவையே. இவற்றின் ஆற்றலை என்புருக்கி நோயைக் கொண்டு தெளிவாக அறியலாம்.

காச நோய் என்றும் வழங்கும் அந்நோயின் கரணியமான நுண்ணுயிரியை 1882-இல் செருமானிய மருத்துவர் இராபர்ட்டு கோக்கு கண்டறிந்தார். மூச்சுவழி நுரையீரலுள் நுழையும் அந்நுண்ணுயிரியை, விழுங்கணு என்னும் காவலணு பற்றி விழுங்கிவிடுகிறது. ஆனால் விழுங்கப்பட்ட பகை சாவதில்லை. விழுங்கிய வயிற்றையே வீடாக்கிக்கொண்டு உள்ளிருந்து பெருகுகிறது. காவலன் வீட்டிலேயே கள்வன் குடியிருக்கும் நிலை அது! அந்நிலையில் ஏவும் காப்பணு அங்கு வந்து, 'இண்டர்பெரான் காமா' என்னும் தூதுப்பொருளை விடுக்கிறது. அத்தூது எட்டியதும் விழுங்கணு விழித்தெழுந்து, தன்னுள் அடங்கிய பகையைக் கொல்லத் தொடங்குகிறது. கொல்ல முடியாதவற்றைச் சுற்றி விழுங்கணுக்களும் காப்பணுக்களும் நெருங்கி நின்று மதிலெழுப்பிச் சிறை வைக்கின்றன. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் உடலில் இந்நுண்ணுயிரி புகுந்துள்ளது என்று உலக நலவாழ்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. அவருள் பெரும்பாலோர் நோயின்றி வாழ்வது இக்காவலால்தான்.

அம்மதில் நிலைத்திருக்க வேறொரு தூதுப்பொருளும் ஓயாது பேசிக்கொண்டிருத்தல் வேண்டும். மூட்டுகள் வீங்கி முடங்கும் நோய்க்கு, அத்தூதுப்பொருளைத் தடுக்கும் மருந்து வழங்கப்பெற்றது. அம்மருந்து பெற்றோர் சிலரிடம் உறங்கிக்கிடந்த என்புருக்கி நோய் விழித்தெழுந்ததை 2001-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தூது நின்றது; மதில் இடிந்தது.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தூது விடுத்தால் மட்டும் போதாது. அதனைப் பெறும் உயிரணுவின் மேல், அத்தூதுக்கே உரிய ஏற்பி இருத்தல் வேண்டும். இண்டர்பெரான் காமாவின் ஏற்பி இன்றியே பிறந்த குழந்தைகள் சிலரைப் பற்றி 1996-இல் ஆய்வுரைகள் வெளிவந்தன. அவர்கள் உடலில் காப்பணு இருந்தது, தூது சுரந்தது, விழுங்கணுவும் இருந்தது. ஆயினும் செய்தி சென்று சேரவில்லை. பிறர்க்கு யாதொரு தீங்கும் செய்யாத எளிய நுண்ணுயிரிகளே அக்குழந்தைகளின் உயிரைக் குடித்தன. படை இருந்தும், தூது இருந்தும், கேட்கும் செவி இல்லாமையால் வந்த கேடு அது!

ஏவும் காப்பணுவையே வீழ்த்தும் பகை எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரி. நலமுடையார்க்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 500 முதல் 1500 வரை இருக்கும் ஏவும் காப்பணுக்களை அது படிப்படியாகக் குறைக்கிறது. 200-க்குக் கீழே அவை இறங்கின், சிறையிருந்த என்புருக்கி முதலான நோய்கள் எல்லாம் கிளர்ந்தெழும். 1986-இல், சென்னையில் மருத்துவ மாணவியாயிருந்த செல்லப்பன் நிருமலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டத் திரட்டிய குருதியை வேலூரில் ஆய்ந்தபோதே, இந்நச்சுயிரி இந்தியாவில் புகுந்திருப்பது முதன்முதல் வெளிப்பட்டது. இன்று நாள்தோறும் தவறாது மருந்துண்போர் உடலில் நச்சுயிரி அடங்குகிறது. காப்பணுக்களும் மீண்டும் பெருகுகின்றன.

காவல் என்பது ஓயாத போர் அன்று என்பதையும் உடல் கற்பிக்கிறது. தணிக்கும் காப்பணுக்களை 1995-இல் அடையாளம் காட்டிய சப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சிக்கும், அவ்வாய்வை வளர்த்த வேறிருவர்க்கும் 2025-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. தணிப்பார் இல்லாத படை தன் நாட்டையே எரிக்கும். உண்ணும் சோறும் அயற்பொருளே. எனினும் உடல் அதனைச் செரித்துத் தன் குருதியாக்கிக் கொள்கிறது. அறிவும் அத்தகையதே. எந்நாட்டு அறிவாயினும் ஏற்கலாம். ஆனால் தன்மொழியில் செரித்து ஏற்றல் வேண்டும்.

பெருமக்களே! என்புருக்கிக்கு மருந்துண்டு. பொதுவாக ஆறு திங்கள் இடைவிடாது உண்ணல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது விலையின்றிக் கிடைக்கிறது. இரண்டு திங்களில் இருமல் நின்றதும் நோய் நீங்கிற்று என எண்ணி மருந்தை நிறுத்துவோர் உளர். எஞ்சிய நுண்ணுயிரிகள் மருந்துக்கு அடங்காத வலிமை பெற்று மீள்கின்றன. ஏன் ஆறு திங்கள் என்பதை உழவனுக்கும் நெசவாளிக்கும் அவன் மொழியில் எவர் சொன்னார்? விளங்காத அயற்சொற்களில் எழுதிக் கொடுத்த தாளும், ஏற்பி இல்லா உயிரணுவுக்கு விடுத்த தூதும் ஒன்றே! அறிவியலைத் தமிழில் சொல்லுக என்பது வெறும் மொழிப்பற்றன்று. அஃது உயிர்காக்கும் பணி.

ஆதலின் மருத்துவம் பயிலும் இளைஞர்கள் தாம் கற்றதைத் தாய்க்கும் தந்தைக்கும் விளங்கும் நல்ல தமிழில் ஒருமுறையேனும் சொல்லிப் பார்த்தல் வேண்டும். சொல் இல்லையெனில் ஆக்குக. ஆக்கிய சொல் விளங்கவில்லையெனில் திருத்துக. இரு கிழமைக்கு மேல் இருமல் நீடிப்போரை அழைத்துச் சென்று சளியை ஆய்விக்க. மருந்து முடியும்வரை உடனிருந்து ஊக்குக. தமிழ்த்தொண்டும் மக்கள் தொண்டும் அவ்விடத்தில் ஒன்றாகும்.

வாழ்க மக்கள்! வெல்க தமிழ்!