நான்கு கையெழுத்துகள்



பட்டம் பெறும் உங்களில் சிலர் அடுத்துச் சட்டப் படிப்பில் சேரப் போகிறீர்கள் என்று அறிந்தேன். முதலில் அவர்களுக்காகத்தான் பேசுகிறேன். அரசியலமைப்பு, நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டம், உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் தரும் தீர்ப்பு: சட்டம் முக்கியமாக இந்த மூன்று இடங்களிலிருந்து வருகிறது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். சாத்தான்குளத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்துக்கு வேறு ஊர் வழக்கைத் தேட வேண்டியதில்லை.

2020 ஜூன் 19 மாலை, இதே சாத்தான்குளம். கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டியும் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி நம் ஊர் ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். தந்தையைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் அங்கேயே நிறுத்தப்பட்டார். இருவரையும் இரவு நெடுக அடித்தார்கள் என்பது சி.பி.ஐ. பின்னர் வைத்த குற்றச்சாட்டு. மறுநாள் ரிமாண்ட் செய்து, அதாவது நீதித்துறை நடுவரின் உத்தரவுடன் காவலில் வைத்து, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார்.

அந்த இரவில் சட்டம் எங்கே போயிருந்தது என்று ஊரே கேட்டது. சட்டம் புத்தகத்தில் தெளிவாகத்தான் இருந்தது. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. கைதை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உடலில் உள்ள காயங்களைப் பதிய வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதுதான் வழி என்று போகக் கூடாது, நடுவர்களும் இயந்திரம் போல ரிமாண்ட் செய்யக் கூடாது என்றது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. இந்த இருவர் மீதும் பதிவான பிரிவுகளில் எதற்கும் 7 ஆண்டுக்கு மேல் தண்டனை கிடையாது.

அப்படியானால் விட்டுப்போனது எது? கைது செய்த அதிகாரி, உடற்தகுதிச் சான்று கொடுத்த மருத்துவர், ரிமாண்ட் உத்தரவிட்ட நடுவர், உள்ளே சேர்த்துக்கொண்ட சிறை அதிகாரி என்று நான்கு கையெழுத்துகள் விழுந்த பிறகே அவர்கள் சிறைக்குள் போனார்கள். நான்கு இடத்திலும் ஆளை நேராகப் பார்த்து, “உன்னை அடித்தார்களா?” என்று கேட்டிருக்க வேண்டும். அதிலும் நடுவரின் மேசைதான் முக்கியமானது. காவல்துறை நிர்வாகத்தைச் சேர்ந்தது. நடுவர் நீதித்துறையைச் சேர்ந்தவர். இந்த இரண்டையும் பிரித்து வைத்ததே ஒன்றின் கையை மற்றொன்று பிடித்து நிறுத்தத்தான். ரிமாண்ட் செய்தபோது நடுவர் இருவரையும் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. அதிகாரப் பிரிவினை என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதுவீர்கள். எழுதும்போது அந்த மேசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டம் அடுத்த சில நாட்களில் எழுந்து நின்றதையும் சொல்லியாக வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் யாரும் மனு போடக் காத்திராமல் தாமாகவே வழக்கை எடுத்தார்கள். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் இங்கே காவல் நிலையத்துக்கு வந்தார். அவருக்கு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை, காவலர்கள் அவரை அவமதிக்கவும் செய்தார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அவர் அறிக்கை அனுப்பியதும், காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 19 இரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் கண்டதைச் சாட்சியமாகச் சொன்னார். சக காவலர்களுக்கு எதிராக, அவர்கள் நடுவே வேலை பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் துணிவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். 2020 செப்டம்பரில் 9 காவலர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. ரிமாண்டுக்கான 167-ஆவது பிரிவு இப்போது 187. எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்துகொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை, தனிச் சட்டமும் இயற்றவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

சட்டம் படிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலாண்டிலேயே ஒருநாள் நடுவர் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். அவர்களிடம் என்ன கேட்கிறார்கள், என்ன கேட்காமல் விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யாரையாவது காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஒதுங்கிப் போகாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. வீட்டுக்குப் போவதற்குள் உங்கள் செல்போனில் அதைப் பதிந்து வையுங்கள்.